மேசையம்மாவும் முப்பத்தோராவது பூங்கொத்தும்

மேசையம்மாவுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் மொத்தப் பூச் சந்தைக்காரர்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார். பூக்கடை வைத்திருப்பவரைப் பூக்காரம்மா என்றுதானே சொல்ல வேண்டும், மேசைக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். ரோஜாக் கட்டு விற்கிற பெரியவர் அதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருப்பார்.

"அந்தம்மா பூவப் பாக்குறதுக்கு முன்னால மேசையத்தான் பாக்கும். பொண்ணு பாக்கப் போற மாதிரி ஒரு ஆபீஸ் விடாம ஏறி எறங்கி, மேசை அகலம் என்ன, ஒசரம் என்ன, சன்னல் எந்தப் பக்கம்னு பாத்துட்டுத்தான் எங்கிட்ட வரும். மேசை புடிச்சாத்தான் பூ."

கேலிதான். ஆனால் ஒரு வார்த்தை பொய்யில்லை. கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளர்களுக்குப் பரிசாக அனுப்பும் பூங்கொத்துகளைக் கட்டிக் கொடுப்பது மேசையம்மாவின் தொழில். எந்த மேசையில் வைக்கப் போகிறோம் என்று தெரியாமல் ஒரு காம்பைக்கூட வெட்டமாட்டார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றால், பன்னிரண்டு வருஷம் அவர் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் மேசை துடைத்தவர். காலை ஆறு மணிக்குத் துணியும் வாளியுமாக உள்ளே போனால், ஒன்பதரைக்குள் நூற்றுப் பத்து மேசை பளபளவென்று இருக்க வேண்டும். உட்காருகிறவர்களின் முகம் தெரியாது, மேசை தெரியும். இவர் கோபக்காரர், இவருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, இவர் வேலையை விட்டுப் போகப் பார்க்கிறார் என்று மேசையைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

அந்த மேசைகளுக்குப் பரிசுகள் வரும். பேனா, டைரி, சுவர்க் கடிகாரம். எல்லாம் கடைசியில் வந்து சேருமிடம் துடைப்பம் வைக்கிற அறை. அங்கே ஒன்பது கடிகாரங்கள் கிடந்தன. ஒன்பதும் ஒன்பது நேரம் காட்டும். பூவும் வரும். ஆள் முகத்தை மறைக்கும் உயரத்தில் வந்த பூங்கொத்து பத்து நிமிஷத்தில் மேசைக்கு அடியில் போய்விடும். வாசனை தூக்கலான பூ, மூடின அறையில் தலைவலியைக் கொடுத்துவிட்டு மறுநாள் குப்பைக்குப் போகும். தண்ணீர் ஒழுகின கூடை காகிதத்தை நனைத்து, அனுப்பின கம்பெனியின் பேரையும் சேர்த்து நனைத்துவிடும். எல்லாவற்றையும் பொறுக்கி அள்ளுவது இவர் கைதான்.

ஒரே ஒரு முறை, யாரோ ஒருவருக்குச் சின்னக் கண்ணாடிக் குவளையில் ஐந்து பூ வந்தது. அந்த மனிதர் எட்டு நாள் தானே தண்ணீர் மாற்றி வைத்துக்கொண்டார். அனுப்பினவர்களின் பேர் எழுதின அட்டையைத் தன் பக்கம் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்திருந்தார். ஒன்பதாம் நாள் காய்ந்த பூவை எடுக்கும்போது மேசையம்மாவின் கை சற்று நின்றது.

"ஆண்டவனே, நன்றி சொல்ல அனுப்புற பூவ நான்தான் தெனமும் குப்பையில போடுறேன். போடாத மாதிரி ஒன்னு கட்டி அனுப்ப என்னால முடியாதா?"

கடவுள் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. அதையே மேசையம்மா சம்மதம் என்று வைத்துக்கொண்டார்.

வேலையை விட்ட அன்றைக்கு மேற்பார்வையாளர் சிரித்தார். "ஆறு மாசத்துல திரும்பி வருவே. உன் வாளிய யாருக்கும் குடுக்காம பத்திரமா வச்சிருக்கேன், போ."

அந்த வார்த்தை முள்ளாகத் தைத்துக்கொண்டது. நகல் எடுக்கும் கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவில், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சு விட முடியாத ஓர் இடத்தில் கடை போட்டார். மேசையம்மாவின் வீட்டுக்காரர் ஒரு பழைய வேனில் பூவைக் கொண்டுபோய்க் கொடுப்பார். அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். அதில் ஆறு வேனுடன் பேசுவது.

சில்லறை விற்பனை கடையைத் தாங்காது, மாதா மாதம் பூ அனுப்பும் ஒரு கம்பெனி வேண்டும் என்று மூன்றாம் மாதமே புரிந்துவிட்டது. அப்படித்தான் தையல் நூல் செய்கிற கம்பெனியின் விற்பனை மேலாளரைப் பிடித்தார். பிடித்தார் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன், அதற்கு ஏழு முறை நடந்தார். ஐந்து முறை வாசலோடு சரி. ஆறாம் முறை மேலாளர் காரில் ஏறிக்கொண்டே பேசினார்.

"ஏம்மா, பூவக் குடுத்தா நூல் வித்துருமா?"

"பூ நூல விக்காதுங்க. நீங்க அவங்கள நெனச்சீங்கன்னு சொல்லும். விக்கிறது உங்க வேலை."

கார்க் கதவு பாதியில் நின்றது. "நாங்க வருஷா வருஷம் கடிகாரம் குடுக்கிறோமே?"

"குடுத்த கடிகாரம் இப்ப எங்க இருக்குன்னு எனக்குத் தெரியுங்க. துடைப்பத்துக்குப் பக்கத்துல ஒன்பது இருந்துச்சு. அதுல நாலுல உங்க கம்பெனிப் பேர்."

மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. ஏழாம் முறை உள்ளே கூப்பிட்டார். "பூவோட சேர்ந்தா நாரும் மணக்கும்பாங்க. எங்க நூல் மணக்குதான்னு பாப்போம்" என்றார். அந்த வருஷம் நிறம் மாறிப்போன நூலை அனுப்பி நாலு வாடிக்கையாளர்களிடம் கெட்ட பேர் வாங்கியிருந்தார்கள். அறுந்த உறவை முடிச்சுப் போட்டே ஆக வேண்டிய நிலைமை அவருக்கும் இருந்தது.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை, முப்பது தையல் கம்பெனிகளுக்கு முப்பது பூங்கொத்து. முப்பது மேசையையும் மேசையம்மா நேரில் போய்ப் பார்த்தார். ஒருவர் மேசையில் அளவுப்பட்டை விரிந்து கிடக்கும், அவருக்கு மூலையில் நிற்கிற ஒடுங்கின குவளை. ஒருவருக்குத் தும்மல் வியாதி, வாசனையே இல்லாத பூ. இன்னொருவர் மேசையில் இடமே கிடையாது, சன்னல் விளிம்பில் உட்காருகிற மாதிரி குட்டைக் குவளை. ஏழு மாதம் ஓடியது. பூவை வாங்கிக்கொண்டவர்கள் மேலாளரைக் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தார்கள். கடைக்குள் மூன்றாவது ஆளும் வந்தாள்.

அந்த ஆள் மேசையம்மாவின் நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கை, நாற்பதைத் தாண்டியவள். அவள் வேலை பார்த்த பொம்மைக் கம்பெனியை மூடிவிட்டார்கள். பதினெட்டு வருஷம் பொம்மைகளுக்குக் கண் வைத்தவள், சும்மா இருக்கக் கை ஒத்துக்கொள்ளவில்லை என்று வந்து நின்றாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிடப் பெரிது.

வேலையைச் சொல்லிக் கொடுக்கும்போது அவளுக்குப் பிடிக்காமல் போனது ஒன்றே ஒன்றுதான். வெள்ளை லில்லிப் பூவின் நடுவில் ஆறு காம்பு நிற்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் நெல்மணி மாதிரி பழுப்பாக ஒன்று தொங்கும். பூ விரிந்ததும் அதிலிருந்து மஞ்சள் தூள் உதிரும். துணியில் பட்டால் மஞ்சள் கறைதான், சொன்ன பேச்சுக் கேட்காது. அதனால் பூ விரிகிற சமயத்தில் அந்த ஆறையும் கிள்ளி எடுத்துவிட வேண்டும்.

"என்ன அண்ணி இது, கண்ணப் புடுங்குற மாதிரி இருக்கு!" என்று நாத்தனார் கையை உதறினாள். "பதினெட்டு வருஷம் கண்ணு வச்ச கை இது. அத எடுத்துட்டா பூவுக்கு மூஞ்சியே இல்ல."

"மூஞ்சி இல்லாட்டியும் பரவாயில்ல, பேச்சு வராம இருந்தாப் போதும். கிள்ளு."

கிள்ளினாள். ஒவ்வொன்றுக்கும் உச்சுக் கொட்டிக்கொண்டே கிள்ளினாள்.

எட்டாம் மாதம் மேலாளர் முப்பத்தோராவது பேர் ஒன்றைச் சேர்த்தார். ஆஸ்பத்திரிகளுக்கு வெள்ளை உடுப்பு தைக்கிற பெரிய கம்பெனி. நிறம் மாறின நூலால் பாதி மனசோடு விலகி நிற்பவர்கள். "இவங்க திரும்பி வந்தா எனக்கு வேற எவனும் வேணாம். இவங்க போயிட்டா எனக்கு இந்தப் பூவும் வேணாம். பாத்துக்கங்க" என்றார். அதாவது, இந்த ஒரு பூங்கொத்தில் கடை நிற்கும் அல்லது விழும்.

மேசையம்மா சனிக்கிழமை அங்கே போனார். வாசல் பூட்டியிருந்தது. மேலாளருக்குப் போன் போட்டார்.

"மேசையப் பாக்கலீங்களே."

"பெரிய மேசைம்மா. கப்பல் மாதிரி. எத வேணும்னாலும் வைக்கலாம், நான் பாத்திருக்கேன்."

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். மேசையம்மா அந்தப் பேச்சை நம்பி லில்லி கட்டினார். மேசையில் என்ன இருக்கும் என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஜெபம் முடித்துக் கடை திறந்து, இரண்டு பேருமாக உட்கார்ந்து கட்டினார்கள். ஒன்பது மணிக்கு வேன் கிளம்பியது. பதினொன்றுக்கு மேலாளரின் போன் வந்தது.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க? மேசை மேல பன்னெண்டு வெள்ளைக் கோட்டு விரிச்சு வச்சிருந்தாங்களாம். மூணு மணிக்கு ஆஸ்பத்திரிக்காரங்க சாம்பிள் பாக்க வர்றாங்க. பக்கத்துல உங்க பூவ வச்சிருக்காங்க, மின்விசிறியப் போட்டதும் கோட்டு பூரா மஞ்சள்! அந்தம்மா என்னப் போன்லயே கிழிச்சுத் தொங்க விட்டுட்டாங்க."

"நான் உடனே அங்க போறேங்க."

"போகாதீங்க! இன்னும் எரியிற வீட்ல எண்ணெய் ஊத்தாதீங்க. நீங்க அங்க போனீங்கன்னா நம்ம ஒப்பந்தம் இத்தோட சரி."

"போகலைன்னாலும் இத்தோட சரிதானுங்களே" என்று மேசையம்மா போனை வைத்தார்.

நாத்தனார் முகம் சுண்டிப்போய் நின்றாள். கேட்க வேண்டிய அவசியமே இல்லை, தானாகவே கொட்டினாள். "அண்ணி, அந்தப் பெரிய கம்பெனிக்குக் கட்டுனதுல மட்டும் நான் கிள்ளல. முப்பது பூங்கொத்துல இல்லாத ஒரு அழகு அதுல இருந்துச்சு. பெரிய எடத்துக்குப் போறது, நல்லா இருக்கட்டும்னு… நீங்க சந்தைக்காரரோட பேசப் போன நேரத்துல அப்படியே பேப்பர் சுத்திட்டேன்."

மேசையம்மாவுக்கு வாயில் வந்த வார்த்தை ஒன்று. அதை விழுங்கினார். கோபம் வராமல் இல்லை. ஆசையாகச் செய்தவளைத் திட்டினால் பட்ட கறை போகாது என்று தெரியும், அவ்வளவுதான். "மேசையப் பாக்காம அனுப்புனது நான். அழுவுறத அப்புறம் வச்சுக்க. அந்த அகல ஒட்டு டேப்பு நாலு உருள எடு. மெல்லிசு வேணாம், அகலம். கெளம்பு."

"நானுமா அண்ணி?"

"கண்ணு வச்ச கை வேணும்னுதான் கூப்புடுறேன்."

வேனில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். வீட்டுக்காரர் சாலையைப் பார்த்தபடி, "அங்க யாரும் தண்ணி தொட்டுத் தேய்க்காம இருக்கணும்" என்றார். அன்றைக்கு மனிதர்களுக்கென்று அவர் செலவழித்த முதல் வார்த்தைகள். மேசையம்மாவும் அதைத்தான் வழி நெடுக வேண்டிக்கொண்டு வந்தார். மகரந்தத் தூள் உலர்ந்து கிடக்கிறவரை தூள். தண்ணீர் பட்டால் சாயம்.

தையல் கம்பெனி முதலாளியம்மா கதவிலேயே மறித்தார். ஐம்பது வயது, கழுத்தில் அளவுநாடா.

"பூக்கடையா? இன்னும் எதுல கொட்டணும்னு வந்திருக்கீங்க?"

"கொட்டுனத எடுத்துட்டுப் போக வந்திருக்கேங்க. என் தப்பு. ஒரு மணி நேரம் குடுங்க. கறை வரலைன்னா, என்ன சொல்லணுமோ அப்ப சொல்லுங்க, நின்னு கேட்டுக்கறேன்."

"மணி பன்னெண்டாகப் போவுது. புதுசா தைக்க நேரமில்ல, சலவைக்கு அனுப்ப நேரமில்ல. டேப்பத் தூக்கிட்டு வந்திருக்கீங்க, ஒட்டி வைக்கப் போறீங்களா?"

"ஒரே ஒரு கைப்பட்டையில காட்டுறேங்க. ஒன்னே ஒன்னு."

முதலாளியம்மா நகர்ந்தார். வழி விட்டாரா, களைத்துப் போய் நகர்ந்தாரா தெரியாது. மேசையம்மா கிடைத்த இடத்தில் நுழைந்துவிட்டார்.

மேசை நிஜமாகவே கப்பல்தான். பன்னிரண்டு கோட்டும் கைகளை விரித்துப் படுத்திருந்தன, மேலே மஞ்சள் பொடி தூவினாற்போல. மேசையம்மா கையால் தொடவில்லை. டேப்பை ஒரு சாண் கிழித்து, பசைப் பக்கத்தைக் கறையின் மேல் மெல்ல வைத்து, தேய்க்காமல், நேர் மேலாகத் தூக்கினார். மஞ்சள் டேப்போடு வந்தது. துணியில் நிழல் மாதிரி கொஞ்சம் மிச்சம். இன்னொரு துண்டு. இன்னொன்று.

முதலாளியம்மா குனிந்து பார்த்தார். போய் மின்விசிறியை அணைத்துவிட்டு வந்தார்.

நாத்தனார் மறுபுறம் உட்கார்ந்தாள். பொம்மையின் கண்ணைக் கோணாமல் வைத்த விரல்கள் டேப்பை வைத்து எடுக்கும் அழகைப் பார்க்க வேண்டும்! ஒரு நூல் கலையவில்லை. வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. "கண்ணா, வந்துரு. ராஜா இல்ல, வந்துரு" என்று தூளோடு பேசிக்கொண்டே இருந்தாள். முதலாளியம்மாவுக்கு ஒரு தடவை சிரிப்பு வந்து, வராத மாதிரி இருமினார்.

ஒன்பதாவது கோட்டில் மேசையம்மாவின் கை நின்றது. நெஞ்சுப் பையின் மேல் கறை பரவி, ஓரம் கட்டி, ஆரஞ்சாக உறைந்திருந்தது. யாரோ ஈரத் துணியால் தேய்த்திருக்கிறார்கள்.

நிமிர்ந்தார். அறை மூலையில் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் ஈரத் துணி, அதில் மஞ்சள். பார்வை தரையில். அந்த நிற்பு மேசையம்மாவுக்குப் புதிதல்ல. பன்னிரண்டு வருஷம் அவரே நின்ற நிற்பு.

"இத யாரு ஈரத் துணியால தேய்ச்சது?" என்று முதலாளியம்மா குரலை உயர்த்தினார். மூலையில் துடைப்பம் ஆடியது.

"பூத்தூள் கொட்டலைன்னா தேய்க்கிற வேலையே வந்திருக்காதுங்க" என்றார் மேசையம்மா. "நல்லது நெனச்சு யாரு தேய்ச்சிருந்தாலும் அது என் தலையிலதான் சேரும். இந்த ஒன்னு போகாது. போகும்னு பொய் சொல்ல மாட்டேன். இதோட துணிக்கும் கூலிக்கும் நான் பொறுப்பு. மத்த பதினொன்ன சன்னல் வெயில்ல ஒரு மணி நேரம் தொங்க விடுங்க. மிச்ச நெழல அது எடுத்துரும்."

படைத்தவன் அன்றைக்கு வெயிலில் குறை வைக்கவில்லை. தெற்குச் சன்னலில் கயிறு கட்டிப் பதினொரு கோட்டையும் தொங்கவிட்டார்கள். வாசலில் வேனுக்குள் இருந்த வீட்டுக்காரர், மேகம் எதுவும் வருகிறதா என்று காவல்காரர் மாதிரி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். இரண்டே காலுக்கு முதலாளியம்மா ஒவ்வொரு கோட்டையும் விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணில் ஒன்றும் சிக்கவில்லை. பதினொன்றை மட்டும் மேசையில் விரித்தார்.

"சரி. வேலைய ஒழுங்காத்தான் செஞ்சிருக்கீங்க" என்றார். "ஆனா இனிமே என் மேசைக்குப் பூ வேணாம். நூல் கம்பெனிக்காரர்கிட்ட நானே சொல்லிடறேன்."

நாத்தனார் கண்ணில் நீர் முட்டியது. மேசையம்மாவின் காதில் மேற்பார்வையாளரின் வாளி ஒரு முறை கணீரென்று விழுந்தது. அவர் சுற்றிலும் பார்த்தார். சனிக்கிழமை பார்த்திருக்க வேண்டிய பார்வை.

"நீங்க சொல்றது சரிங்க. இந்த அறையில பூவுக்கு எடமே இல்ல. இங்க எல்லா மேசையும் துணியோடது. நான் வந்து பாத்திருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். ஆனா வர்ற வழியில, வேலைக்கு வர்றவங்க கையெழுத்துப் போடுற எடத்துல ஒரு கல் மேடை இருக்குங்க. காலையில எத்தன பேரு அங்க நிப்பாங்க?"

"இருநூறு பேரு. எதுக்கு?"

"நூல் கம்பெனி நூல கையில புடிக்கிறது அவங்கதானுங்களே. நூல் அறுந்தா திட்டுறதும் அவங்கதான். பூவ அங்க வச்சா என்ன? துணி பக்கத்துல இல்ல, காத்து இல்ல. தூள் உதிராத பூவா நானே கட்டி, நானே கொண்டு வந்து வைக்கிறேன். ஒரே ஒரு மாசம் பாருங்க."

"நீங்க விடவே மாட்டீங்களா?"

"ஏழு வாட்டி நடந்து புடிச்ச வேலைங்க. ஒரு வாட்டி திட்டுனதுக்கு விட்டுட்டுப் போனா, நடந்த காலு என்னக் கேக்கும்."

முதலாளியம்மா இந்த முறை இருமவில்லை, சிரித்தேவிட்டார். அதற்குள் வாசலில் ஆஸ்பத்திரிக்காரர்களின் கார் வந்து நின்றது. "ஒரு மாசம். அந்தக் கோட்டுக்குத் துணி வாங்கிக் குடுத்துட்டுத்தான்" என்று சொல்லிக்கொண்டே, அளவுநாடாவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஓடினார்.

வெளியே வரும்போது துடைப்பக்காரப் பெண் படியில் நின்றிருந்தாள். மேசையம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மேசையம்மா அந்தக் கையில் மிச்சமிருந்த ஒரு டேப் உருளையை வைத்து, "ஒலந்த தூளுக்கு இது. ஈரம் வேணாம்" என்றார்.

சாயங்காலம் மேலாளர் கூப்பிட்டார். போகாதே என்று சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, இவரும் நினைவுபடுத்தவில்லை. "கல் மேடையாமே? அடுத்த மாசம் முப்பத்தொன்னுதானே?" என்று மட்டும் கேட்டார்.

"முப்பத்தொன்னுதாங்க. ஆனா புதுசா பேரு சேத்தீங்கன்னா, மேசைய நான் பாத்த பிறகுதான். கப்பல்னு சொன்னாலும் சரி, விமானம்னு சொன்னாலும் சரி."

அடுத்த முதல் திங்கள். கல் மேடைக்கான பூவை முந்தின நாளே கட்டி வைத்தாயிற்று. அதில் லில்லியே கிடையாது. மற்றவர்களுக்குப் போகிற லில்லிகள் வாளி நிறைய விரிந்துகொண்டிருந்தன. நாத்தனார் ஒவ்வொரு பூவாக எடுத்து, "மன்னிச்சுக்கடா" என்று சொல்லி ஆறையும் கிள்ளினாள். அடுத்ததை எடுத்து, தலையைத் தடவி, "மன்னிச்சுக்கடா" என்றாள்.

"மன்னிப்ப மனசுக்குள்ள கேளு" என்றார் மேசையம்மா காம்பை வெட்டிக்கொண்டே. "கைய நிறுத்தாத. முப்பது மேசையும் ஒரு மேடையும் காத்துக்கிட்டிருக்கு."